முனகலுக்கு மூன்று விளக்கம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வங்கியும் மின்சார அலுவலகமும் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஊருக்கெல்லாம் அவர் ‘அப்படியா’. யார் என்ன சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, “அப்படியா?” என்பார். அதை அவர் கேட்கிற விதத்தில், சொன்னவருக்கே தான் சொன்னதில் சந்தேகம் வந்துவிடும். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்கள்கூட இன்னொரு தடவை வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள்.

இது பிறவிக் குணம் இல்லை. அவர் இளைஞராக இருந்தபோது அப்பா படுத்த படுக்கையானார். கட்டிலின் தலைமாட்டில் ஒரு டாக்டர், கால்மாட்டில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்கிற ஒரு பெரியவர். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கவலையே படாதீங்க, தேறிடுவார்” என்றார். பெரியவர் கண்ணைத் திறந்து, “எனக்கு உத்தரவு கிடைச்சிருச்சு, எழுந்து நடப்பார்” என்றார். இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்கிறார்களே என்று அம்மா நிம்மதியாகச் சமைக்கப் போனாள். அப்பா மறுநாள் காலையில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த டாக்டர், “உடம்பு ஒத்துழைக்கல” என்றார். பெரியவர், “அவருக்கு நம்பிக்கை பத்தல” என்றார். ஆக, குற்றம் முழுக்க அப்பாவுடையது என்று ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் அந்த இளைஞன் முதல் தடவையாக “அப்படியா?” என்று கேட்டான்.

அதன் பிறகு அவர் கேட்பதை நிறுத்தவே இல்லை.

மைக்செட் தொழிலுக்கு அவர் வந்தது தற்செயல். வந்த பிறகுதான் தெரிந்தது, சந்தேகப் பிராணிக்கு இதைவிட வாகான தொழில் கிடையாது என்று. கூட்டமெல்லாம் பேச்சாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மைக்செட்காரர் மட்டும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். முழங்குகிற மனிதரின் சட்டை முதுகில் எவ்வளவு வியர்வை என்பது அவருக்குத்தான் தெரியும். அதுபோக, அவர் கைக்கடியில் எதிரொலிக் குமிழ் ஒன்று இருந்தது. அதை லேசாகத் திருகினால் போதும், எந்த வாக்கியமும் வானத்திலிருந்து இறங்கி வருகிற மாதிரி ஆகிவிடும். “செருப்பை வெளியே விடவும்” என்பதைக்கூட அப்படிச் சொல்லிக் கண்ணீர் வரவழைக்கலாம் என்று அவர் சொல்வதுண்டு.

அவருக்கு நிரந்தர வாடிக்கை, பலகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பொது மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பிரார்த்தனைச் சபை கூடும், மாலையில் அறிவியல் மன்றம் கூடும். இடைப்பட்ட நேரத்தில் மண்டபக் காவலாளி தரையைக் கூட்டி, மேடைச் சுவரிலிருக்கிற மகானின் படத்தைக் கழற்றிவிட்டு விஞ்ஞானியின் படத்தை மாட்டுவார். ஆணி ஒன்றுதான். இரண்டு பேருக்கும் தாடி இருந்ததால் காவலாளிக்கு ஒரு தடவை படம் மாறிப்போனது. சாயங்காலம் முழுக்க யாரும் கவனிக்கவில்லை.

அதேபோல நம்மவரும் ஒரு நாள் காலையில் வைத்த எதிரொலியை மாலையில் குறைக்க மறந்துவிட்டார். அன்றைய சொற்பொழிவு குடற்புழுக்களைப் பற்றியது. பேச்சு முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்றது, முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காலையில் இருக்கிறவர்களையும் மாலையில் இருக்கிறவர்களையும் ஒரே குமிழால் ஆட்டிவைக்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு கர்வம். ஒன்றையும் நம்பாமல் இருப்பதே ஒரு பெரிய தகுதி என்று அவர் நம்பினார். அந்த ஒரு நம்பிக்கையை மட்டும் அவர் சந்தேகித்ததில்லை.

வீட்டில் மனைவி மட்டும்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். மனைவி பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் பாதி வாக்கியம் தையல் இயந்திரத்தின் சத்தத்தில் போய்விடும். முன்னறையில் ஒரு மூலையில் அவளுடைய இயந்திரம், இன்னொரு மூலையில் அவருடைய ஆம்ப்ளிஃபயர். அது பழைய காலத்து இரும்புப் பெட்டி. தனி ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அணைத்துவைத்தால் உள்ளே ஈரம் ஏறிவிடும் என்று அதை அவர் அணைப்பதே இல்லை. வாடகைக்குப் போகாத நேரமெல்லாம் அது சுவரோரமாக உட்கார்ந்து, லேசான சூட்டோடு, ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அந்த முனகல் இருந்தது.

போன வருடம் அவர் புதிதாக ஒன்று வாங்கினார். ஒரு கையில் தூக்கிவிடலாம், துளி இரைச்சல் இல்லை. பழையதைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டு வந்தார். சில நாள் கழித்து மனைவி துணியை வெட்டிக்கொண்டே, “வீடு ரொம்ப அமைதியா இருக்குங்க” என்றாள்.

“அப்படியா?” என்றார் அவர். புதுப் பெட்டியைப் பாராட்டுகிறாள் என்று நினைத்து, அன்றைக்குக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், சீருடைக் கால்சட்டைக்கு மூன்று கால் வைத்துத் தைத்தாள். டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, ஆகவே வயதுதான் காரணம் என்றார். கொடுத்த மாத்திரையில் பகலில் மந்தமும் இரவில் முழிப்புமாக இருந்தது. மகள் போனில் படித்ததையெல்லாம் போனிலேயே சொன்னாள். மனைவியின் தம்பி, அதாவது அறிவியல் மன்றத்தின் செயலாளர், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலையில் இருந்தவர், “அக்கா, படுக்கறதுக்கு முன்னாடி மூச்சை எண்ணி எண்ணி விடு” என்றார். அவள் எண்ணினாள். விடியும்வரை எண்ணினாள்.

பிரார்த்தனைச் சபையின் தலைவி ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. சபையில் எல்லோரும் அவரை அம்மையார் என்பார்கள். அவர் வீடு தேடி வந்து, மனைவியின் உச்சந்தலையில் கை வைத்து, “மனசுல ஒரு முடிச்சு இருக்கு, கண்ணு. அவிழ்ந்தா தூக்கம் வந்துடும்” என்றார்.

டாக்டரிடமும் மச்சினனிடமும் அம்மையாரிடமும் நம்மவர் “அப்படியா?” என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், “எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்லை” என்பார். அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தத் துணிச்சலால் அவளுக்குக் கண்மூட முடிந்ததா என்றால் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவள் தைத்துக்கொண்டே கண் அசந்து, ஊசி விரலுக்குள் இறங்கிவிட்டது. நகத்தின் வழியாகப் போய் அந்தப் பக்கம் வந்திருந்தது. அவள் கத்தவில்லை. விரலோடு ஒட்டிக்கொண்டிருந்த நீலத் துணியை மலங்க மலங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சக்கரத்தைத் திருப்பி ஊசியை மேலே எடுத்து, விரலுக்குக் கட்டுப்போட்டார். இவளைத் தனியாக விட்டால் அடுத்த தடவை அடுப்பில்தான் விழுவாள் என்று பயந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரம் மண்டபத்தில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. மச்சினன் மன்றத்துக்குப் புதிய படம் காட்டும் கருவி வாங்கி, அதை மேடையின் இடதுபக்கச் சுவரில் மின்சாரம் கொடுத்து மாட்டியிருந்தார். அதிலிருந்து ஒலிக்காக ஒரு ஒயரை இழுத்து, வலதுபக்கச் சுவரில் மின்சாரம் கொடுத்து நம்மவர் முதல்நாளே வைத்துவிட்டுப் போயிருந்த பெட்டியில் செருகிவிட்டுப் போயிருந்தார். இரண்டு சுவர், இரண்டு எர்த், நடுவில் ஒரு ஒயர். இப்படிச் செய்தால் ஹம் என்கிற முனகல் அடிக்கும் என்று மைக்செட்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பெட்டியைப் போட்டதுமே அடித்தது. ம்ம்ம் என்று, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. அவர் ஒயரைப் பிடுங்க எழுந்தார். அதற்குள் அம்மையார் மௌனப் பிரார்த்தனையைத் தொடங்கிவிட்டார். மௌன நேரத்தில் யாரும் அசையக் கூடாது என்பது சபையின் கண்டிப்பான விதி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மௌனம் முடிந்ததும் அம்மையார் மைக்கில் மெதுவாகக் கேட்டார்.

“கேக்குதா, கண்ணுங்களா?”

கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. இத்தனை வருடமாக இவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்ததற்கு ஒரு பதில் வந்துவிட்டது என்று மண்டபத்துக்கே புல்லரித்துப்போனது. நம்மவர் தலையைச் சொறிந்துகொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே ஒலிபெருக்கிக்குப் பக்கத்து நாற்காலியில், கட்டுப்போட்ட விரல் மடியில் கிடக்க, தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டைகூட வந்தது. அந்தக் குறட்டையை அவர் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒயரை அவர் பிடுங்கவில்லை. இன்றைக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அம்மையாரும் அவளைப் பார்த்துவிட்டார். தூக்கமே வராத பெண் தூங்குகிறாள் என்ற செய்தி மைக்கில் அறிவிக்கப்பட்டது. எல்லோரும் சத்தம் போடாமல் வரிசையாக வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் மன்றத்தார் வந்தபோதும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள், முனகலும் நிற்கவில்லை. மச்சினன் போனை எடுத்து அளந்தார், திரையில் பச்சைக் கோடு துள்ளியது. அந்த அதிர்வு மூளையின் அலைகளோடு ஒத்துப்போகிறது என்பதை அவர் அங்கேயே கண்டுபிடித்துவிட்டார். “மனசு லேசா இருக்கிறவங்க கை தூக்குங்க” என்றார். முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். தூக்காதவர்கள் மற்றவர்களைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள்.

“ஒயரைப் பிடுங்கிட்டு ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமே, மாப்ள” என்றார் நம்மவர்.

“அத்தான், நல்லா நடந்துட்டிருக்கற ஆய்வுல குறுக்க கை வைக்கக் கூடாது.”

அவர் இரண்டு தரப்பிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அம்மையாரிடம் போய், “இது அருளும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு எர்த் சேர்ந்ததால வர்ற கோளாறு, ஒயர் வழியா வருது” என்றார். அம்மையார் அவரைப் பரிவோடு பார்த்தார். “ஒயர் வழியா வரக் கூடாதுன்னு யார் சொன்னா?” என்று கேட்டார். மச்சினனிடம் சொன்னபோது, “ஒயர்லேருந்து வருதுன்னு எங்களுக்கும் தெரியும், அத்தான். எங்கேருந்து வருதுங்கறது சாதாரண கேள்வி. ஏன் இதமா இருக்குங்கறதுதான் ஆய்வு. அக்காவே சாட்சி” என்றார். மனைவியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். பேச்சில் தோற்பது அவருக்குப் பழக்கமில்லாததால் மறுநாள் முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியே முதல் ஆளாகக் கிளம்பி நின்றாள். காலையிலும் தூங்கினாள், மாலையிலும் தூங்கினாள். திங்கள் செவ்வாய்க்கு முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருக்கும், வெள்ளி சனிக்குள் மறுபடி கண் குழி விழுந்துவிடும். சபையில் அவளைப் பார்க்கவே புதிதாக ஆள் வந்தார்கள். மன்றத்தில் அவள் தலைக்குப் பின்னால் வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தூங்குகிறவளிடம் என்ன கேட்பது?

இரண்டு கூட்டமும் அவள் எங்கள் ஆள் என்று சொல்லத் தொடங்கியதும் சச்சரவு முளைத்தது. சபையில் தூங்கியதற்கு மன்றம் எப்படி உரிமை கொண்டாடலாம் என்று இவர்களும், முதலில் தூங்கியது எங்கள் கருவியால் என்று அவர்களும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் மண்டபக் காவலாளி, இப்படியே சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் சாவி கிடையாது என்றதும் சமாதானம் பிறந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே விழாவாக நடத்துவது என்று முடிவாயிற்று. மேடைச் சுவரில் இரண்டாவது ஆணி அடித்து இரண்டு தாடிக்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். நடுவில் ஒரு சாய்வு நாற்காலி, அதில் அவர் மனைவி.

நம்மவருக்கு ரத்தம் கொதித்தது. கட்டின மனைவியைக் காட்சிப்பொருளாக வைத்திருக்கிறார்களே என்ற ஆத்திரம் ஒரு பங்கு. இத்தனை வருடம் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு இன்றைக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறதே என்ற ஆசை இரண்டு பங்கு. ஒயரைப் பிடுங்கப் போகிறேன் என்று அவர் முடிவு செய்தார். முனகல் நிற்கும், கூட்டம் விழிக்கும், இரண்டு தரப்பும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கும். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் தூங்குவது அசதியால். மாதக்கணக்கில் தூங்காத உடம்பு உட்கார்ந்த இடத்தில் சாய்கிறது, அவ்வளவுதான். அதற்கும் ஒயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இப்படி அவரும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்க, அப்படியா என்று புருவத்தைத் தூக்க, அவருக்குள் யாரும் இல்லை.

விழா அன்று மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மனைவி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள், பெட்டியைப் போட்டதும் ம்ம்ம் என்று தொடங்கியது, வரவேற்புரை முடிவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அம்மையார் பேசினார், மச்சினன் பேசினார். அம்மையார் இரண்டு தடவை ‘அதிர்வெண்’ என்றார், மச்சினன் இரண்டு தடவை ‘பேரருள்’ என்றார். பிறகு எல்லோரும் சேர்ந்து கண்ணை மூடி அந்த ஒலியைக் கேட்க வேண்டும் என்று அம்மையார் அழைத்தார். மண்டபம் முழுக்கக் கண்ணை மூடியது.

அவர் மேடை ஓரத்திலிருந்து கையை நீட்டி ஒயரைப் பிடுங்கினார்.

முனகல் நின்றது. சுத்தமாக நின்றது. கீழே பலகைக் கடையில் யாரோ ஆணி அடிப்பதுகூடக் கேட்டது. பிடுங்கிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஒருவர் முகமும் மாறவில்லை. தலைகள் முன்பு போலவே மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.

“ஆகா” என்றார் அம்மையார், மூடிய கண்ணோடு. “இப்பதான் ரொம்பத் தெளிவா கேக்குது.”

“ஆமாம்மா, தாளம் இன்னும் ஆழமா போகுது” என்றார் மச்சினன்.

பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். ஒயரைத் தூக்கிக் காட்டலாம், மைக்கைப் பிடுங்கிக் கத்தலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவர்களிடம் எதைக் காட்டுவது? நின்றுபோன சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறவர்களிடம் எதைச் சொல்வது? வாழ்நாளெல்லாம் கனவு கண்ட ஆதாரம் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு அவரால் காது குடையக்கூட முடியாது.

அப்போதுதான் அவர் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரே ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்திருந்தாள். அவர் மனைவி. பிடுங்கிய அந்த நொடியிலேயே விழித்திருக்கிறாள் போலிருந்தது. அவள் நேராக அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிற குழந்தையை அடித்து எழுப்பிவிட்டதைப் போல அவர் குறுகிப்போனார். ஒயரை மறுபடி செருகக் குனிந்தார். அவசரத்தில் அது ஓட்டையில் நுழையவில்லை. அவள் எழுந்து, யாரையும் இடிக்காமல், மேடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறைக்குப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே போனார். வெளியே கூட்டம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த அறையில் உடைந்த நாற்காலிகளும் காவலாளியின் துடைப்பமும் இருந்தன. அவள் ஒரு நாற்காலியைத் தட்டி உட்கார்ந்தாள்.

“ஏங்க அதை எடுத்தீங்க?”

“அது கோளாறும்மா. சாமியும் இல்ல, மூளையும் இல்ல. ரெண்டு சுவத்துலேருந்து எர்த் எடுத்ததால வர்ற ஹம். இவங்க உன்னை வெச்சு...”

“அது ஹம்முன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கு வாக்கப்பட்டு இத்தன வருஷம் ஆச்சு.”

அவர் துடைப்பத்தை ஓரமாக நகர்த்திவிட்டு அவளுக்கு எதிரே வந்து நின்றார்.

“நம்ம பழைய பெட்டி போடுற அதே சத்தம். முன்னறையில ராவும் பகலும் கேட்டுக்கிட்டே இருக்குமே. புதுப்பொண்ணா வந்தப்ப அது எனக்குப் பிடிக்கவே இல்ல. அப்புறம் அது இல்லாம தூக்கம் வராதுன்னு ஆயிடுச்சு. நீங்க வேலைக்குப் போய் ராத்திரி வராத நாள்ல, பெட்டியும் கூடப் போயிருக்கும். அன்னிக்கெல்லாம் முழிச்சுக்கிட்டுதான் கிடப்பேன். நீங்க இல்லாததாலன்னு நினைச்சேன்.” அவள் கட்டுப்போட்ட விரலைத் தடவிக்கொண்டாள். “போன வருஷம் நீங்க இருந்தீங்க. பெட்டி இல்ல. அப்பவும் தூக்கம் வரல.”

“இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே. வீடு ரொம்ப அமைதியா இருக்குன்னு சொன்னேன். நீங்க அப்படியான்னீங்க. அப்புறம் ஒரு நாள், பழைய பெட்டியே இருந்திருக்கலாம்னு சொன்னேன். அதுக்கும் அப்படியான்னீங்க.”

“சரி, மண்டபத்துல தெரிஞ்சப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா நீங்க ஆதாரம் கேப்பீங்க. அதுக்கு நான் முழிச்சிருக்கணும். எனக்குத் தூக்கம் வந்துச்சு, தூங்கிட்டேன்.”

டாக்டர் அவளுடைய ரத்தத்தைக் கேட்டார். மச்சினன் அலைகளைக் கேட்டார். அம்மையார் ஆகாயத்தைக் கேட்டார். இவர்கள் எல்லோரையும் கேட்டு மடக்கியவர் அவர். அவளை மட்டும் கேட்கவில்லை. அவளிடம் அவர் கேட்டதெல்லாம் கேள்வியே இல்லை என்று அந்தத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அப்பாவின் கட்டிலருகே நின்ற இரண்டு பேரோடு மூன்றாவதாகத் தானும் நிற்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் பழைய இரும்புக் கடைக்குப் போனார். பெட்டியை யாரும் உடைத்திருக்கவில்லை. கடைக்காரர் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அதை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்.

“இதைத் திருப்பி எடுத்துக்கறேன்” என்றார் அவர்.

“வேண்டாம்னு நீங்கதானே போட்டுட்டுப் போனீங்க. இப்ப இது எதுக்கு? இதுல ஒரு பாட்டுகூட ஒழுங்கா கேக்காதே. ஒரே இரைச்சல்.”

“இரைச்சல்தான் வேணும். என் வீட்டம்மாவுக்கு இது இருந்தாதான் தூக்கம் வரும்.”

“யாரு சொன்னா? டாக்டரா?”

“இல்ல. அவதான் சொன்னா.”

கடைக்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரைப் பார்த்தார். ஒரு புருவம் மேலே போனது.

“அப்படியா?” என்றார்.

அந்தச் சொல்லை இவ்வளவு வருடம் சொன்னவர் இப்போதுதான் முதல் தடவையாக வாங்கிக்கொண்டார். அது எங்கே குத்துகிறது என்று தெரிந்தது. பதிலுக்கு விளக்கம் சொல்ல வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டு, “ஆமா” என்று மட்டும் சொன்னார். இரண்டு பேருமாகச் சேர்ந்து பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள்.

முன்னறையில் பழைய இடத்தில் அதன் கால்கள் பதிந்த தடம் இன்னும் இருந்தது. அதே தடத்தில் இறக்கி, தூசியைத் துடைத்து, ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு லேசாகச் சூடேறி, ம்ம்ம் என்று தொடங்கியது. மனைவி தைத்துக்கொண்டிருந்த சீருடையைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். மத்தியான வெயில் வாசல்படிவரை வந்திருந்தது. அவள் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து, சுவரோரமாகப் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்தாள்.

வாசலில் மச்சினன் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நேற்று மேடையிலிருந்து அக்கா ஏன் எழுந்து போனாள் என்று ஒரு புது விளக்கத்தோடு வந்திருப்பார். நம்மவர் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். மச்சினன் நிலைப்படியிலேயே நின்றார்.

“இதையும் ரிப்பேர் பண்ணிடாதீங்க” என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டே.

“மாட்டேன்” என்றார் அவர்.

 அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.